மழை கேட்காத கூரை

அறிவில் உன் அம்மாவையும் அழகில் இந்த மாமனையும் கொண்டு பிறந்த அருமை மருமகளுக்கு,

புதுக் கூரையின் கீழ், மாடி முன்னறையில் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்து உன் மாமன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், எங்கள் இருவரையும்விடக் கூரை படு சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்களாக.

நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். பார்வையில்லாத பிள்ளைகளுக்காக அத்தை மாடி அறையில் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள் அல்லவா, பழைய கூரை ஒழுகி ஒழுகி, பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் கூப்பிட்டு, "அம்மா, இதயத்தைப் பத்தின பாடத்துல இதயம் துடிக்குதா, வாளியில தண்ணி சொட்டுதான்னு பிள்ளைங்களுக்குப் புரியல. இப்படியே இருந்தா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை என்று எழுதத்தான் ஆசை.

உன் மாமன் சும்மா இருப்பேனா? கடைக்குப் போய், வானத்தையே வெட்டித் தகரமாக அடித்தாற்போல ஒரு நீல ஷீட்டைப் பார்த்துச் சொக்கிப்போய், நாளைக்கே ஏத்திடுங்க என்று சொல்லிவிட்டு வந்து உன்னிடம் பெருமையடித்தால், "மாமா, கண்ணால பாத்து வாங்க அது என்ன சட்டையா? ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு வாங்கி, அத்தைய கீழ உக்காந்து படிக்கச் சொல்லி, மேல தண்ணி ஊத்திப் பாருங்க" என்றாயே, அதுதானம்மா அந்த வார்த்தை.

கொல்லையில் நாலு கழி நட்டோம். கீழே மைக்கும் புத்தகமுமாக அத்தை, ஏணி உச்சியில் பூவாளியோடு மேகராஜனாக நான். நீலத் தகரத்தில் ஊற்றியதும் பத்தாயிரம் குதிரைகள் போருக்குக் கிளம்பின. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலை நீட்டி, "சார், யாரையாவது கூப்பிடணுமா?" என்றார். அடுத்து, வெளிச்சம் வரும் பிளாஸ்டிக் ஷீட். சத்தம் குறைவுதான், ஆனால் வெயில் அப்படியே இறங்கி, முதல் பக்கத்தில் பச்சையாக இருந்த அத்தை மூன்றாம் பக்கத்தில் பாதி வெந்துவிட்டாள். ஓட்டில் மழை பூனை மாதிரி நடந்தது, சரி இதுதான் என்று துள்ளினால், கூரைக்காரர் எங்கள் மரச்சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுமேல ஓட்ட ஏத்தினா கூரை உங்களுக்குத் தரையாயிடும்" என்கிறார். கடைசியில் ரெண்டு தகட்டுக்கு நடுவுல தடிமனா நுரை வெச்ச ஷீட். ஊத்தினேன், ஊத்தினேன், ஒரு ஏரியையே கவுத்தேன். கீழிருந்து அத்தை, "ஊத்துறதுன்னா ஊத்துங்களேன், எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கிறது?" என்றாள். அந்தக் கேள்வியில் என் முழங்கால் வலியே பறந்துபோச்சு மருமகளே.

ஏத்தியாச்சு. முதல் பாடத்தைக் கேட்டுட்டு, "என்னம்மா, ஸ்டூடியோவுக்கு மாறிட்டீங்களா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். வேலை அவளிடமே. போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை, கல்யாணத்தன்றுகூட எனக்குக் கிடைக்காதது. அது நியாயப்படி உனக்குச் சேர வேண்டியது. என் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, அம்மாவுக்கு என் பயம் கலந்த மரியாதை. உன் தலைக்கு மேல் எந்நாளும் ஒழுகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கூரையாண்ட கோமான்,
உன் மாமன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் கொஞ்சம் குறைத்துப் படி. கடிதத்தை முடித்துக் கீழே இறங்கினால் கால் சில்லென்றது. வெளியே ரொம்ப நேரமாக அடைமழையாம். பதிவுக்காக மாடியில் ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்த எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. கீழே ஜன்னலெல்லாம் திறந்தபடி, மெத்தை குளமாகி, கொடியில் போட்ட துணி முழுக்கத் தெருவில். அத்தை பாடத்தை முடித்து நிதானமாக இறங்கி வந்து, "மழையா? எப்ப?" என்றாள். ஈர மெத்தையில் உட்கார்ந்து பதிவைக் கேட்டோம். மழை இல்லை, இடி இல்லை, சுத்தம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், "அடியே, மெத்த போச்சுடி" என்று ஒரு குரல் கணீரென்று கேட்கிறது. உன் மாமன் வாய்க்கு எந்த ஷீட் தாங்கும் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள் அத்தை.