மிஸஸ் பென்னியின் கடைசி வசனம்

ஆறாயிரம் அடி ஆழத்தில், தலைக்கு மேலே பாறை முனகுகிற இடத்தில், கோடாலியும் கையுமாக நின்று மரத்தை வெட்டி முட்டுக் கொடுப்பது இன்பராஜின் வேலை. சுரங்கத்தில் டிம்பர்மேன். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு நாளும் பயந்தவரில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் 1969ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மேட்னியில், மப்ளரை முகத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளே கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

படம் அப்படி. இங்கிலீஷ் படம். சுவரெல்லாம் ஒட்டியிருந்த நோட்டீஸில் கொட்டகைக்காரர்கள் அதற்குத் தமிழில் ஒரு பேர் வைத்திருந்தார்கள்: 'சமையலறையில் சாவு'. அதற்குக் கீழே, 'சூப்பு குடிக்க வந்தவர்களின் உயிரைக் குடித்தவள்'. அதற்கும் கீழே, இதயம் பலவீனமானவர்கள் வர வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. அந்த வரி தனக்கில்லை என்று இன்பராஜ் நினைத்ததுதான் தப்பு.

மிஸஸ் பென்னி என்று ஒரு விதவை. லண்டனில், வீட்டில் ஆட்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போடுகிறவள். முதல் ஆள் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு இல்லை என்றான். மிஸஸ் பென்னி சிரித்தாள். கறி வெட்டுகிற கத்தியை எடுத்தாள். இன்பராஜ் பார்த்தது அவ்வளவுதான். மப்ளர் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர் பார்த்தவை இரண்டு: இடைவேளையில் முறுக்கு விற்ற ஆள், கடைசியில் கதவு திறந்தபோது உள்ளே வந்த வெயில்.

"இன்னாபா மப்ளரு?" என்று கேட்டான் கூட வந்த பக்கத்து வீட்டுத் தங்கவேலு.

"ஜலதோசம்."

"நல்லா கீறியா? சரி, கதைய சொல்லு. கடைசில அவ இன்னாமோ சொன்னாளே, இன்னாது அது?"

"ஞாயித்துக்கெழம வா, சொல்றேன்."

அந்த நாளில் கோலார் தங்க வயலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் கோயில், மத்தியானம் கறிக்குழம்பு, சாயங்காலம் படிப்பகம். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த கோரமண்டல் லைன் வீடுகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அந்தப் படிப்பகம். ஆனாலும் ஐந்து மணிக்கு உள்ளே இடம் இருக்காது. ஜன்னலில் தலைகள் தொங்கும். இங்கிலீஷ் படத்தைப் பார்த்தவர்கள் வருவார்கள், பார்க்காதவர்கள் வருவார்கள், பார்த்தும் புரியாதவர்கள் வருவார்கள். மூன்றாவது கூட்டம்தான் பெரிசு. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த இன்பராஜ் எழுந்து நின்று கதையையும் வசனத்தையும் தன் அபிப்பிராயத்தையும் சொல்வார். 'சினிமா விமர்சகர் இன்பராஜ்' என்று கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். கதை சொல்வதில் அவர் கெட்டி. கதை விடுவதில் இன்னும் கெட்டி. ஆனால் விடுவதற்கும் ஒரு நுனியாவது கையில் இருக்க வேண்டுமே.

அன்றைக்கு வீட்டில் வந்து உட்கார்ந்ததும் மனைவி ஐடா சோறு போட்டாள். அவர் ஒரு வாய் எடுத்தார்.

"இன்னா ரசம் இது. புளியக் காட்டிட்டு எடுத்துட்டியா?"

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக, சாப்பாட்டு ஜெபம் முடிந்து ஆமென் சொன்னவுடன் இப்படி ஏதாவது ஒன்று சொல்வது வழக்கம். படத்துக்கு ஒரு விமர்சனம், ரசத்துக்கு ஒரு விமர்சனம். ஐடாவும் ஒன்றும் பதில் பேச மாட்டாள். அன்றைக்கும் ரசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அவளைப் பார்த்தபோதுதான் இன்பராஜுக்கு அந்த யோசனை வந்தது.

"ஐடா, நாளைக்கி மேட்னிக்கி போய்ட்டு வாயேன்."

ஐடா கரண்டியைக் கீழே வைத்தாள். இங்கிலீஷ் படம் பொம்பளைக்கு ஆகாது என்று பதினான்கு வருஷம் சொல்லி வந்தவர் அவர்.

"நானா?"

"நீதான். சரோஜம்மாவையும் கூட்டிகினு போ. எப்பவும் இந்த அடுப்பே கதின்னு கெடக்கறியே, மனசுக்குக் கஷ்டமா கீது."

"படத்துல வெட்றாங்கன்னு சொல்றாங்க."

"சும்மா தமாசு. நான் பூரா சிரிச்சிகினே பாத்தேன்."

செய்தி குழாயடிக்குப் போயிற்று. இன்பராஜே பெண்டாட்டியை அனுப்புகிறார் என்றால் நமக்கென்ன என்று இன்னும் பத்து வீட்டு ஆம்பிளைகள் அனுமதி கொடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் தங்கவேலுவின் மனைவி சரோஜம்மா முன்னால் நடக்க, பன்னிரண்டு பெண்கள் பூ வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். கொட்டகையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஆர்தர் பிற்பாடு சொன்னான்: வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் பார்த்தபோது கொட்டகை மயானம் மாதிரி இருந்ததாம். சனிக்கிழமை பெண்கள் சிரித்த சிரிப்பில் வசனமே கேட்கவில்லையாம்.

படம் விட்டு வந்தவர்கள் குழாயடியிலேயே அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"பாவம் அந்தம்மா," என்றாள் சரோஜம்மா. "எத்தினி பேருக்கு ஆக்கிப் போடுவா?"

"மொத ஆளு உப்பு இல்லன்னான். ரெண்டாவது ஆளு மொளகு ஜாஸ்தின்னான். மூணாவது ஆளு வாயில வெக்காம மோந்து பாத்தான். மோந்து பாத்தவன நானே வெட்டியிருப்பேன்," என்றாள் இன்னொருத்தி.

"நாலாவது ஆளு, எங்கம்மா சூப்பு மாதிரி வராதுன்னான் பாரு. அங்க நான் கை தட்டிட்டேன்."

"அஞ்சாவது ஆளு ஒண்ணுமே சொல்லலியே, அவன ஏன் வெட்னா?"

"பேப்பர் படிச்சிகினே துன்னானே," என்றாள் சரோஜம்மா. "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னானா?"

எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டில் இன்பராஜ் நோட்டுப் புத்தகத்தைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னா, புரிஞ்சிதா? எங்க, கதைய சொல்லு. நீ சரியா புரிஞ்சிகினியான்னு பாக்கறேன்."

ஐடாவுக்குப் புரியாமல் என்ன. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் பங்களாவில் ஆயாவாக இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். அவர்கள் அழுததும் அடம் பிடித்ததும் பொய் சொன்னதும் இங்கிலீஷில்தான். 'அது ஆயா இங்கிலீஷ்' என்று இன்பராஜ் அதைக் கணக்கில் சேர்த்ததில்லை.

ஐடா வரிசையாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே, தொடைக்கடியில் பென்சிலை ஓட்டினார். மூன்றாவது கொலையில் அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"அந்த நாய் வருமே, அந்த எடம் நல்லா இருந்திச்சி இல்ல?"

"அத எப்படி மறக்க முடியும்? நல்ல நாய்," என்றார் இன்பராஜ்.

படத்தில் நாயே கிடையாது. ஐடா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், நாயை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சக் கதையைச் சரியாகவே சொன்னாள். கடைசிக் காட்சிக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார். மேஜையில் உட்காருகிறார். மிஸஸ் பென்னி அவருக்கும் ஒரு கிண்ணம் சூப்பு வைக்கிறாள். அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாள். படம் முடிந்துபோகிறது.

"அதான், இன்னா சொன்னா?"

"அது வேணாங்க."

"ஏன்?"

"அத மட்டும் படிப்பகத்துல சொல்லாதீங்க. ஆம்பளைங்க கோவிச்சிக்குவாங்க."

"விமர்சகன்னா பயப்படக் கூடாது. நீ சொல்லு."

ஐடா தயங்கினாள். முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "'இன்ஸ்பெக்டர், சாப்பாட்டுல குத்தம் சொல்றவன் வாரத்துல ஒரு நாள் தானே அடுப்புல நின்னு ஆக்கியிருந்தா, நான் யாரையும் வெட்டியிருக்க மாட்டேன்.' அப்படின்னா."

இன்பராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்ன வசனம். இதைச் சொன்னால் தகரக் கூரை பறக்கும். பென்சில் முனை உடைகிற மாதிரி எழுதிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் படிப்பகம் நிரம்பி வழிந்தது. வழக்கமில்லாத வழக்கமாக ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள். இன்பராஜ் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். 'இது பயங்கரப் படமா, சிரிப்புப் படமா' என்று ஆரம்பித்தார். கத்தி விழுகிற இடத்தில் மேஜையைத் தட்டினார். தட்டியபோது முன் வரிசை ஆம்பிளைகள் அதிர்ந்தார்கள். பெண்கள் சிரித்தார்கள். நாயைப் பற்றி இரண்டு வரி சொன்னார். யாருக்கும் நாயைப் பார்த்த ஞாபகம் இல்லை. ஆனால் விமர்சகர் சொல்கிறாரே என்று பேசாமல் இருந்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக் கடைசி வசனத்தைச் சொன்னார்.

ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து தங்கவேலு எழுந்தான்.

"அவ பேசினது ரெண்டு வார்த்த தானேப்பா. நீ சொல்றது முழ நீளம் கீதே?"

"இங்கிலீசு சுருக்கம் தங்கவேலு. தமிழ்ல விரிச்சாதான் அர்த்தம் வரும்."

பெண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. இன்பராஜ் அந்த மாதிரி ஒரு கைதட்டலை அது வரைக்கும் கேட்டதில்லை. அது அடங்கியதும் சரோஜம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணா, கதைய சொன்னீங்க. உங்க அபிப்பிராயம் இன்னா? அந்தம்மா சொன்னது சரியா, தப்பா?"

விமர்சகன் என்றால் அபிப்பிராயம் வேண்டும். அதுவும் கைதட்டல் காதில் நிற்கும்போது சின்ன அபிப்பிராயம் வாயில் வராது.

"நூத்துக்கு நூறு சரி," என்றார் இன்பராஜ்.

"அப்ப எந்த வாரத்துல இருந்து ஆரம்பிக்கறீங்க?"

ஜன்னலில் தொங்கிய தலைகள்கூட அவரையே பார்த்தன. இன்பராஜ் ஐடாவைப் பார்த்தார். ஐடா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம," என்று அவர் வாய் சொல்லிற்று.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் கோரமண்டல் லைனில் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி இருந்தன. இன்பராஜ் அடுப்பில் நின்றால் தங்கவேலு எப்படித் தப்ப முடியும்? தங்கவேலு நின்றால் அடுத்த வீட்டுக்காரன்? கோயில் விட்டு வருகிற வழியெல்லாம் தீய்ந்த வாசனை. சுவருக்குச் சுவர், "மஞ்சத்தூள் எப்பப்பா போடணும்" என்று ஆம்பிளைக் குரல்கள். வாசலில் நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்து, ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துக்கொண்டு பேசிய பேச்சு ரயிலடி வரைக்கும் கேட்கும். லைனில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்றைக்குப் பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வருஷத்துக் கறிக்குழம்பு மாதிரி மோசமான குழம்பும் இல்லை, அந்த வருஷம் மாதிரி சிரித்த வருஷமும் இல்லை என்பார்கள்.

இன்பராஜ் மட்டும் கொஞ்சம் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார். ஐடா ஒவ்வொரு வாரமும் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, "நல்லாருக்குங்க," என்பாள். அதற்குமேல் ஒரு சொல் சொன்னதில்லை. இன்பராஜும் மற்ற ஆறு நாட்களில் ரசத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். ரசத்தில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று இப்போது அவருக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது வழியில் ஆபரேட்டர் ஆர்தரைப் பார்த்தார்.

"அண்ணா, அந்த சூப்பு படம் திருப்பி வருது," என்றான் ஆர்தர். "நல்ல படம். அதுவும் அந்தக் கடைசி வசனம்."

"ஆமாப்பா. எவ்ளோ ஆழமான வசனம்."

"ஆழமா? அவ ஒண்ணுதானே கேட்டா. 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா, இன்ஸ்பெக்டர்?' அவ்ளோதானே. எட்டு ஷோ ஓட்டினேன், எட்டு தடவையும் சிரிச்சேன்."

இன்பராஜ் கறிப் பையோடு நடுரோட்டில் நின்றார். ஒரு சைக்கிள் மணி அடித்து அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வீடு வரும் வரைக்கும் கேட்க வேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கூர் தீட்டிக்கொண்டே வந்தார். ஐடா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"ஐடா. அந்தப் பொம்பள கடைசில இன்னா சொன்னா? உண்மைய சொல்லு. ஆர்தரு வேற மாதிரி சொல்றான்."

ஐடா சீப்பைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அப்படிங்களா? எனக்கு அவ்ளோதான் காதுல வுழுந்திச்சி. ஆயா இங்கிலீசு தானே. நீங்கதான் எனக்கு முந்தின நாளே பாத்தீங்களே. உங்க காதுல இன்னா வுழுந்திச்சி?"

இன்பராஜுக்கு மப்ளர் ஞாபகம் வந்தது. பிறகு கறிப் பையைச் சமையற்கட்டில் வைத்துவிட்டு வந்து கேட்டார்:

"நாளைக்கி வெங்காயம் எத்தினி உரிக்கணும்?"