ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?

லிப்ட் மெக்கானிக்குக்கு இடது கால் ஷூவைக் காணவில்லை.

வலது கால் ஷூ மட்டும் கட்டிலுக்கு அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"அக்கா, என் ஷூவைப் பாத்தியா?"

"ஆமா, நான்தான் மாட்டிக்கிட்டு சமைக்கிறேன். நல்லாத் தேடுடா."

மனைவி படுத்த நாளிலிருந்து அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். உதவியும் வசவும் சேர்ந்தே வரும்.

கட்டிலில் இருந்த மனைவி அவரைப் பார்த்து, அங்கே யாருக்கும் புரியாத தன் பாஷையில் ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். சில நாட்களாக இதே வாக்கியம்தான்.

"தண்ணி கேக்கறா" என்றாள் அக்கா.

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி அதையே சொன்னாள்.

"புழுக்கமா இருக்கோ என்னமோ."

மின்விசிறியைக் கூட்டினார். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக்கூட முயலாமல் மறுபடி அதையே சொன்னாள். இந்த முறை சத்தமாக.

மெக்கானிக் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பக்கவாதம் அவளுடைய வலது பக்கத்தை மட்டும் கொண்டுபோகவில்லை, தமிழையும் கொண்டுபோய்விட்டது. "பின்னால கத்துக்கிட்ட பாஷை அழிஞ்சிருக்கு. பொறந்த வீட்டுப் பாஷைதான் நிக்குது. தமிழ் திரும்பி வரலாம், எப்போன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

கல்யாணமான புதிதில் அவருக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவள் அவள். சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். அவர் அவளுடைய பாஷையில் ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. அதுதான் வீட்டில் ஒருவருக்கு இரண்டு பாஷையும் தெரியுமே என்று இருந்துவிட்டார். இப்போது அந்த ஒருவர்தான் படுத்திருக்கிறார். அவள் பக்கத்து மனிதர்கள் யாரும் உயிரோடு இல்லை.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பார்த்தார். கோணிய வாயின் பேச்சைக் கேட்ட செயலி, 'கழுதைக்குக் கண்ணாடி மாட்டவும்' என்று எழுதிக் காட்டியது.

"அது உன்னைத்தாண்டா சொல்லுது" என்றாள் அக்கா.

அதனால்தான் இந்த அவசர வகுப்பு. ஆரம்பநிலை, தினமும் மாலை. டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம்: உள்ளே வந்தால் தமிழ் கூடாது. பேனா கீழே விழுந்தாலும் அந்தப் பாஷையில்தான் விழ வேண்டும்.

முதல் நாள் வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் நின்று, "இது பேனா. நான் மாணவன்" என்று அவளுடைய பாஷையில் ஒப்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாக அவள் சிரித்தாள். பாதி வாயால்தான். அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து படித்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தார்.

புத்தகம் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்டது. பேனா முடிந்ததும் நேராகப் பயணம்தான். "ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? ஒரு டிக்கெட் கொடுங்கள். போக மட்டும்." கையை ஆட்டி, முகத்தில் பாவம் காட்டி ஒப்பித்தார்.

அவள் சிரிக்கவில்லை. உச்சரிப்பு சரியில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த வாக்கியம் ஆரம்பமானது.

"திட்டறா" என்று அவரே முடிவு செய்தார். "இத்தனை வருஷமா எங்கய்யா போனே, இப்ப வந்து என் பாஷையைக் கொலை பண்றியேன்னு திட்டறா."

"திட்டட்டும். வாங்கிக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா.

டீச்சரிடம் அர்த்தம் கேட்கலாம்தான். ஆனால், மனைவி திட்டுவதை அந்நியரிடம் ஒப்பித்து, 'இதுக்கு என்னம்மா அர்த்தம்' என்று எப்படிக் கேட்பது? வேகமாகப் படித்துத் தானே புரிந்துகொள்வது என்று காலை வகுப்பிலும் சேர்ந்தார்.

காலை வகுப்பில் போன் அடித்தது. "சார், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கறோம். என்ன பண்ணட்டும்?"

டீச்சர் முறைத்தார். தமிழ் கூடாது. மெக்கானிக்குக்குத் தெரிந்ததெல்லாம் பாடத்தில் இருந்ததுதான். "பொறுமையாகக் காத்திருங்கள். வண்டி தாமதமாக வரும்" என்று அந்தப் பாஷையில் பணிவாகச் சொன்னார்.  அந்தப் பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். "நடுவுல தொங்கறவங்களுக்கு வேத்து பாஷையில ஆறுதல் சொன்னீங்களாமே?"

"சார், வகுப்புல..."

"இந்த வாரத்தோட வகுப்பை முடிச்சுக்கங்க. இல்லன்னா வேலையை முடிச்சுக்கங்க."

ஒரு வாரம்தான் இருந்தது. 'பொருட்களை வைத்துக்கொண்டு பழகுங்கள்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கட்டிலுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "என் பெட்டி கனமாக இருக்கிறது. வண்டி எப்போது கிளம்பும்?" என்றார்.

மனைவி இடது கையை நீட்டிப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. அந்த வாக்கியத்தை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது.

"இனிமே ஒப்பிக்காதேடா, பாவம்" என்றாள் அக்கா.

"இன்னும் ரெண்டு பாடம்தான்க்கா. அதுக்குள்ள புரிஞ்சுடும்."

கடைசி நாள் காலை, தலையணை உறையை மாற்றப்போன அக்கா உள்ளேயிருந்து இடது கால் ஷூவை எடுத்தாள்.

"இந்த நாத்தத்துல எப்படித்தான் தூங்கினாளோ. மூளை ரொம்பக் குழம்பிடுச்சுடா."

மெக்கானிக் ஷூவைக் கையில் வாங்கினார். மாட்டத் தோன்றவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு கிளம்பினார். வாசல் வரை அந்த வாக்கியம் கூடவே வந்தது.

அன்று டீச்சர் புத்தகத்தை மூடச் சொன்னார். பாடத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் சொந்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து பெஞ்ச் பேங்க்காரர், "எனக்கு நீந்தப் பிடிக்கும்" என்றார். கல்லூரிப் பெண், "இன்று வானம் நீலமாக இருக்கிறது" என்றாள்.

மெக்கானிக் எழுந்து நின்றார். பாடத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாஷையில் அவருக்கென்று ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. சொன்னார். அவள் இழுக்கும் இடத்தில் இழுத்தார். அவளுக்கு மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தினார்.

கரும்பலகை பக்கம் திரும்பியிருந்த டீச்சரின் கை அப்படியே நின்றது. திரும்பினார். வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"யார் சார் இதை உங்ககிட்ட சொன்னது?"

"என் சம்சாரம்மா. படுத்த படுக்கையா இருக்கா. தினமும் திட்டறா. என்ன திட்டுன்னு புரிஞ்சா பதில் சொல்லலாம்னுதான் ரெண்டு வேளையும் வர்றேன்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திட்டல சார். 'டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க, நான் சீக்கிரமே எழுந்து நடந்துடுவேன்'னு சொல்றாங்க."