இழுத்துக் கட்டிய சோபா

சோபாவின் வயிற்றைக் கிழித்து முடித்த பிறகுதான், அதைத் திரும்ப மூடுவது எப்படி என்று தனக்குத் தெரியாது என்பது இருதயராஜுக்கு உறைத்தது.

உள்ளேயிருந்து தென்னை நார் வந்தது, மக்கிப்போன சாக்குத் துணி வந்தது, யாரோ எப்போதோ தொலைத்த சீப்பும் முறுக்குத் துண்டுகளும் வந்தன. கடைசியாக ஒரு ஸ்பிரிங் துள்ளிக் குதித்து டிவி மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதற்கு இருந்த புத்தி தனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தான்.

"என்னப்பா, போஸ்ட்மார்ட்டம் ஆச்சா? உசிர் வருமோ வராதோ?" என்றார், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த பத்மநாபன்.

"வந்துரும் சார்."

"சீக்கிரம் வரட்டும். இந்த நாற்காலி எனக்கு ஒத்துக்கல."

பத்மநாபன், வீட்டுக்காரர் ஸ்ரீவத்சனுக்குச் சித்தப்பா. கணபதி உற்சவம் பார்க்க நாலு நாள் என்று கும்பகோணத்திலிருந்து புனே வந்தவர். ஊரெல்லாம் கணபதியைக் கரைத்தாயிற்று, தீபாவளி வெடியும் வெடித்து ஓய்ந்தாயிற்று, சித்தப்பா மட்டும் கரையாமல் அந்த சோபாவிலேயே இருந்தார். உட்காருவது, படுப்பது, காபி, குறட்டை எல்லாம் அதன் மேல்தான். ஸ்ரீவத்சனைப் படிக்க வைத்துக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியதே அவர். புனேயின் ஔந்த் பகுதியில் இருந்த அந்த ஃப்ளாட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இருதயராஜ் தாபோடியில் ஒரு கான்ட்ராக்டர் ஷெட்டில் பட்டாளத்துக்குக் கூடாரமும் லாரிக்குத் தார்பாயும் தைத்தவன். முதுகு வளைந்ததும் விரல் நுனி மரத்துப் போனதும் அங்கேதான். ஷெட்டை மூடிவிட்டார்கள். இப்போது அவன் வீட்டில் அடுப்பு எரிவது, மனைவி மரியம்மாள் இந்த ஃப்ளாட்டில் சமைப்பதால். அவள்தான் ஒரு நாள் வந்து நின்று, "எங்க மேடம் வீட்டு சோபாவுக்குப் புதுசா துணி போடணுமாம். நீங்க செய்வீங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அடிப்பாவி! எனக்கு டென்ட்டு மட்டும்தானடி தெரியும்!"

"அதுவும் துணி, இதுவும் துணி. இழுத்துக் கட்டத் தெரியும்ல? அது போதும்."

"கெட்டுப் போச்சுன்னா என்னோட சேத்து உன்னையும் அனுப்பிருவாங்கடி. அப்புறம் எங்க போய் நிக்கிறது?"

"உங்க கை எப்பவும் எப்படிச் செய்யுமோ அப்படியே செய்யட்டும். நீங்களா குறுக்க எதையும் யோசிக்காம இருங்க."

இப்போது சோபா குடலெல்லாம் வெளியே தள்ளிக் கிடக்கிறது. யோசிக்காமல் எப்படி இருப்பது?

அவன் நேரே பவானி பேட்டில் குஷன் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் ஓடினான். இஸ்மாயில் வேலூர்க்காரர். வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டே பேசக்கூடியவர்.

"பாய், சோபா ஸ்பிரிங்கை எப்படிக் கட்டறது?"

"அரே, எத்தனை வருசமா டென்ட்டு கட்டறே, உனக்கென்னாத்துக்கு சோபா?"

"மாட்டிக்கிட்டேன் பாய்."

"சரி, கேளு. சோபான்றது இட்லி மாதிரி. அமுக்குனா அமுங்கணும், வுட்டா எழும்பணும். ரொம்ப இழுக்காத, ரொம்ப வுடாத."

"ரொம்பன்னா எவ்வளவு பாய்?"

"அது கைக்குத் தெரியும், போ."

அதுதான் வினையாயிற்று. இருதயராஜின் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காலை முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, புயலடித்தாலும் அசையாதபடி கயிற்றை இழுப்பது. ஸ்பிரிங்குகள் எல்லாம் குருவானவரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி அடங்கிப் படுத்துவிட்டன. மேலே நாரைப் பரப்பி, சாக்கைப் போட்டுத் தைத்தான்.

"முடிஞ்சுதா? நகரு" என்று வந்த பத்மநாபன், வழக்கம்போலக் கண்ணை டிவியில் வைத்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார்.

பலகையில் தேங்காய் விழுந்த சத்தம் கேட்டது.

"அடேய்! ரயில்வே பிளாட்பாரத்துல உக்காந்தாப்பல இருக்கேடா! முதுகெலும்பு மண்டை வழியா வந்துடும் போலிருக்கே!"

சத்தம் கேட்டு ஸ்ரீவத்சனின் மனைவி கிருஷ்ணப்ரியா அறையிலிருந்து வந்தாள். இருதயராஜ் கையைப் பிசைந்தான்.

"மேடம், பவானி பேட்டுல இஸ்மாயில் பாய்னு ஒருத்தர் இருக்காரு. நல்ல தொழில்காரர். அவரை வேணா கூட்டியாரவா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்!" என்று பதறினாள் கிருஷ்ணப்ரியா. "வெளி ஆளெல்லாம் எதுக்கு? நீங்களே பண்ணுங்கண்ணா. அவசரமே இல்ல."

எவ்வளவு பெரிய மனசு என்று இருதயராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். சமையலறையில் மரியம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள்.

இழுத்ததுதான் தப்பு, தளர்த்தினால் சரியாகிவிடும் என்று நடுக்கயிற்றை மட்டும் கொஞ்சம் விட்டான். கூடாரத்தில் ஒரு கயிற்றை விட்டால் பாக்கிக் கயிற்றின் பலமெல்லாம் அந்தப் பக்கம் பாயும். இது அவனுக்குத் தெரியாததல்ல. சோபாவுக்கும் அதே சட்டம்தான் என்பதுதான் தெரியாது. மொத்த வேகமும் நடுவில் இருந்த ஒற்றை ஸ்பிரிங்குக்குள் போய்ப் பதுங்கியது.

இந்த முறை பத்மநாபன் உஷாராக இருந்தார். கையில் டபரா காபியோடு, பூனை மாதிரி மெல்ல உட்கார்ந்தார். சோபா சாதுவாக அமுங்கிக் கொடுத்தது.

"ம். இப்ப பரவாயில்ல. தேறிட்ட" என்று சொல்லி, டபராவைக் கீழே வைக்கக் கொஞ்சம் குனிந்தார்.

பாரம் நகர்ந்ததுதான் தாமதம். பின்பக்கத்தில் ஒரு குத்து. பத்மநாபன் எழுந்து நின்றார். அதாவது அவர் எழவில்லை, எழுப்பப்பட்டார். காபி வேட்டியில் பாதி, டிவியில் பாதி.

"யாரோ என்னைத் தள்ளிவிட்டாடா!"

கிருஷ்ணப்ரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் இரண்டும் குலுங்கின. பின்னாலேயே மரியம்மாளும் ஓடினாள். சமையலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இருதயராஜ் மெதுவாகக் கேட்டான்: "மேடம் ரொம்ப அழுதாங்களா?"

"கண்ணுல தண்ணி வந்தது நெசந்தான்" என்றாள் மரியம்மாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"போச்சு. உன் வேலை போச்சு."

"மேல்துணி போடற வேலை பாக்கி இருக்குல்ல? அதை முடிங்க மொதல்ல."

மேல்துணியை கிருஷ்ணப்ரியாவே வாங்கி வைத்திருந்தாள். லட்சுமி ரோட்டில் கடை கடையாக ஏறி, இருப்பதிலேயே வழவழப்பானதாகப் பார்த்து எடுத்திருந்தாள். அரக்குக் கலர். கை வைத்தால் கை நிற்கவில்லை.

இருதயராஜ் மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தான். அந்தப் போக்கிரி ஸ்பிரிங்கை அடக்கிக் கட்டினான். மேலே கனமாக ஸ்பான்ஜ் வைத்தான். துணியைப் போர்த்தி, கோணி ஊசியைக் கையில் எடுத்ததும் அவன் கை அவனை விட்டுவிட்டுத் தன் போக்கில் போனது. கூடாரத் தொழிலின் முதல் பாடம், துணியில் மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் துணி தொய்யும். தொய்ந்தால் கிழியும். துணி கிழிந்தால் மேஸ்திரி ஆளைக் கிழிப்பான். அப்படிப் பழகிய கை, பின்பக்கம் கொஞ்சம் ஏற்றி, முன்பக்கம் கொஞ்சம் இறக்கி, சுருக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் துணியை இழுத்து ஆணி அடித்தது.

முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. மத்தளம் மாதிரி விண்ணென்று இருந்தது. ஆபீசிலிருந்து வந்த ஸ்ரீவத்சன், "அட, ஷோரூம்ல இருந்து எடுத்துண்டு வந்த மாதிரி இருக்கே! சித்தப்பா, வந்து பாருங்கோ!" என்றான்.

பத்மநாபன் வந்தார். கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

பிளாட்பாரமும் இல்லை, உதையும் இல்லை. அவர் முகத்தில் நிம்மதி பரவியது. அந்த நிம்மதியோடே முன்னால் நகர்ந்து வந்தார். மறுபடி பின்னால் ஏறி உட்கார்ந்தார். மறுபடி நகர்ந்து வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடியிலும் அதே துணி.

"ஸ்ரீவத்சா, இது என்னைக் கீழ இறக்கி விடறதுடா."

"புதுசில்லையா சித்தப்பா, பழகினா சரியாயிடும்."

பழகவில்லை. காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார், தலையணையை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். தலையணைதான் அவருக்கு முன்னால் தரைக்குப் போனது. கடைசியில் அவர் நீட்டிப் படுத்து மேட்ச் பார்த்தார். இந்தியாவுக்கு ஜெயிக்க இரண்டே ரன். மட்டையாளர் ஓங்கி அடித்தார். பந்து மேலே போனது, பத்மநாபன் கீழே போனார். அவர் எழுந்து பார்ப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஸ்ரீவத்சா! டிக்கெட் பார்டா. கும்பகோணம் ஆத்துல என் ஈஸிசேர் இருக்கு. அது என்னைத் தள்ளாது!"

மறுநாள் அவர் ரயில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற தகப்பனுக்குச் சமமான மனிதரை, கூலிக்கு வந்த ஒருவன் வீட்டைவிட்டே உருட்டிவிட்டான். மரியம்மாளின் வேலை இனி எங்கே நிற்கும்? காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்தான். ஆனால் மரியம்மாள் போர்வையை உருவிவிட்டாள்.

"மேடம் உங்களை வரச் சொன்னாங்க. ஏந்திரிங்க."

போனபோது ஹால் காலியாக இருந்தது. டிவி வாயை மூடிக் கிடந்தது. கிருஷ்ணப்ரியா தரையில் சப்பணமிட்டு, சோபாவில் சாய்ந்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தாள். இருதயராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மேடம், தப்பு என் கைமேலதான். மரியம்மாளை மட்டும் நிறுத்திராதீங்க. காசே வேணாம், சோபாவை இப்பவே பிரிச்சு, இஸ்மாயில் பாயை வச்சு சரியா..."

"ஐயோ அண்ணா! அதுல கை வச்சிடாதீங்க!" கிருஷ்ணப்ரியா எழுந்தே விட்டாள். "மேல் மாடி பார்கவி வந்து பாத்துட்டுப் போனா. அவ வீட்டுக்கும் விருந்தாளி வந்து மாசம் ரெண்டாச்சாம். அவ வீட்டு சோபாவையும் நீங்கதான் செய்யணுமாம். இதே மாதிரி. அச்சு அசல் இதே மாதிரி."

இருதயராஜ் சோபாவைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை.

"இதுல யாராலயும் உக்கார முடியலயே மேடம்?"

சமையலறை வாசலில் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்ற மரியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"அட ஏங்க, 'எங்க வீட்டுக்காரர் இழுத்துக் கட்டுன துணியில மழைத் தண்ணிகூட தங்காதும்மா'ன்னு சொல்லித்தானே இந்த வேலையையே நான் உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்!"