கிழக்கே பார்த்த மாடுகள்

“தீசிஸ் எதைப் பத்திடா? மொதல்ல அதைச் சொல்லு. சர்ச்சுல எல்லாரும் கேக்கறாங்க,” என்றாள் லொரெய்ன் போனில்.

டேனர் தன் அறையில் உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டிருந்தான். எதிரே பால் அட்டைப்பெட்டி. அதன் மேல் ஒரு மாட்டுப் படம்.

“மாடும்மா,” என்றான்.

“மாட்டைப் பத்தி என்ன?”

பெட்டியிலிருந்த மாடு வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

“மேயறப்ப மாடுங்க எந்தத் திசையைப் பாத்து நிக்குதுன்னு.”

“எந்த மாடு?”

“நம்ம மாடுதான். வேற எந்த மாடு?”

“நம்ம மாடா?” என்று இழுத்தாள். “சரி, அப்பாகிட்ட சொல்றேன்,” என்று லொரெய்ன் வைத்துவிட்டாள்.

உண்மையில் டேனர் எந்த ஆய்வேடும் எழுதவில்லை. கெட்டிக்கார மாணவர்களுக்கென்று கல்லூரி நடத்தும் ஹானர்ஸ் திட்டத்திலேயே அவன் இப்போது இல்லை. சேர்ந்தது என்னவோ நிஜம்தான். ஹானர்ஸ் விடுதியில் அறைக்குள்ளேயே குளியலறை உண்டு என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தான். கடைசி வருஷம் பெரிய ஆய்வேடு எழுதி, பேராசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லவேண்டும் என்பது இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. குளியலறை போனால் போகிறது என்று சத்தமில்லாமல் விலகிவிட்டான்.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? ‘என் மகன் ஹானர்ஸ் மாணவன்’ என்ற ஸ்டிக்கரை அம்மா பிக்கப் வண்டியின் பின்னால் ஒட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியின் பின்பக்கம் சர்ச் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லி அப்பாவைப் படுத்துகிறாள். விஸ்கான்சினில் அந்த வட்டாரம் முழுக்க அந்த ஸ்டிக்கரைப் படித்தாயிற்று.

மறுநாள் விடியும்போதே போன் அடித்தது. அப்பா.

டேல் போனில் பேசுகிற ஆள் இல்லை. டேனருக்கு நினைவு தெரிந்து அவர் போனில் சொன்ன ஒரே வாக்கியம் ‘இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்’ என்பதுதான்.

“எல்லாம் கிழக்கு,” என்றார்.

“என்னப்பா?”

“மாடு. எல்லாம் கிழக்கைப் பாத்து நிக்குது. எழுதிக்க.”

அடுத்த நாளும் கிழக்கு. அதற்கடுத்த நாளும் கிழக்கு, லேசான தூறல். டேனருக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது.

“போதும்ப்பா. காலைல உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும்.”

“எனக்கென்னடா வேலை?” என்றார் டேல்.

சரி, வேறு வழியில் முடிக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னான்: “இதெல்லாம் ஏப்ரல்ல ஒரு அறையில உக்காந்து கேள்வி கேப்பாங்கம்மா. யார் வேணாலும் வரலாம், ஆனா யாரும் வரமாட்டாங்க. தூக்கம் வரும்.”

“யார் வேணாலும் வரலாமா?” என்றாள் லொரெய்ன்.

மாலைக்குள் சர்ச்சிலிருந்து ஒரு வேன் ஏற்பாடாகிவிட்டது. அப்பாவின் பண்ணைக்கு மேற்கே அடுத்த பண்ணைக்காரர் நார்பர்ட் ஓட்ட ஒப்புக்கொண்டார்.

வேறு வழியில்லை. டேனர் ஹானர்ஸ் இயக்குநர் வாஸ் அம்மையார் முன்னால் போய் நின்றான்.

“விலகிப் போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததில்லை,” என்றார் அவர். “விஷயம் என்ன?”

“மாடு, மேடம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கால்நடைத் துறைப் பேராசிரியர் ப்ளம்முக்குப் போன் போட்டார். ப்ளம் நிச்சயம் துரத்திவிடுவார் என்று நம்பித்தான் டேனர் அவர் அறைக்குப் போனான். வேனையும் ரத்து செய்யலாம், பழியை அவர் மேல் போடலாம்.

“தினமும் கிழக்கா? காத்து மாறினாலும்?” என்று ப்ளம் நாற்காலியை விட்டு எழுந்தார். “மத்த ஆராய்ச்சிக்காரங்க வடக்கு தெற்குன்னுதானே அடிச்சுக்கறாங்க. தம்பி, இதை விடாதே. மேய்ச்சல் நிலத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.”

“கேமரா உடைஞ்சு போச்சு,” என்றார் டேல் மறுநாள் போனில், கேட்டு முடிக்கும் முன்பே.

“நானே வந்து பாக்கறேனேப்பா.”

“வேணாம். நீ படி.”

அம்மாவும் அப்படியே சொன்னாள். கிறிஸ்துமஸுக்குக் கூட வரவேண்டாம், நாங்களே வருகிறோம் என்று கறியும் உருளைக்கிழங்குமாக ஹாட்டிஷ் செய்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மகன் படிப்புக்கு இத்தனை மரியாதையா என்று டேனருக்கு நெஞ்சு கனத்தது. அதற்காகவாவது எழுதித் தொலைப்போம் என்று எழுத ஆரம்பித்தான். எழுத எழுதப் பிடித்தும் போயிற்று.

அதைவிடப் பிடித்தது அந்தக் காலை போன். பனி கொட்டி மாடுகள் கொட்டகைக்குள் போன பிறகும் டேல் போன் செய்வதை நிறுத்தவில்லை. “இன்னிக்கு ஒண்ணுமில்லை,” என்பார். அப்புறம் வைக்காமல், டிராக்டரைப் பற்றியோ குளிரைப் பற்றியோ ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். இருபத்தோரு வருஷத்தில் அப்பா தன்னிடம் இவ்வளவு பேசியதில்லை என்று டேனருக்குத் தோன்றியது. ஒரு பொய்யால் கிடைத்ததுதான், இருந்தாலும் அதை இழக்க மனமில்லை.

ஏப்ரலில் வேன் வந்தது. சர்ச் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். டேல் கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். நார்பர்ட் கடைசி நாற்காலியில், தொப்பி மடியில்.

வாஸ் அம்மையார் எழுந்து, “இரண்டாம் வருஷமே விலகிப் போய், போன அக்டோபர்லதான் திரும்பி வந்த ஒரே மாணவர் இவர்,” என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார்.

சர்ச் பெண்கள் மொத்தமாக லொரெய்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லொரெய்ன் டேலைப் பார்த்தாள். டேல் தரையைப் பார்த்தார். திட்டத்தான் போகிறாள் என்று டேனர் காத்திருந்தான். அவளோ ஏதோ தப்பித்தவள் போல மூச்சு விட்டாள்.

ஒரு வழியாகப் பேசி முடித்தான். ப்ளம் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“காத்து இல்லை, வெயில் இல்லை, சரிவு இல்லை, எல்லாத்தையும் கழிச்சுட்டே. அப்போ ஏன்தான் கிழக்கைப் பாக்குது? இதுக்குப் பதில் வேணும்.”

டேனர் தன் வரைபடத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

“தெரியலை, சார்.”

ப்ளம் பேனாவை மூடினார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நார்பர்ட் எழுந்து நின்றார்.

“வேணாம் நார்பர்ட்,” என்றார் டேல் மெதுவாக.

“பையன் பாஸாகணும்ல, டேல்?” என்று நார்பர்ட் தொப்பியைத் திருகினார். “அதுங்க கிழக்கைப் பாக்கலை தம்பி, உங்கப்பாவைப் பாக்குதுங்க. போன ஆகஸ்ட்ல மொத்த மாட்டையும் எனக்கு வித்ததுலேருந்து, தினம் விடிஞ்சதும் எங்க கிழக்கு வேலியில வந்து நிக்கறாரு. உனக்குப் போன் பேசறதும் அங்கேருந்துதான்.”