சாட்சியை நான் விசாரித்த லட்சணம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வக்கீலுக்கு அது நல்லதுதானே என்று நினைத்து வீட்டில் என்னைச் சட்டம் படிக்க வைத்தார்கள். நல்லதுதான், கூடப்பிறந்தவன் போலீஸில் இல்லாதவரை.

தென்காசி கோர்ட்டில் நான் ஜூனியராக இருந்தபோது நடந்தது இது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களின் நகைகளை அடிக்கும் கும்பல் ஒன்று பிடிபட்டது. அதில் எங்கள் கட்சிக்காரன் சுடலையும் ஒருவன். மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் விற்பான். குளிக்கப் போகிறவர்களின் துணிமணி, பைகளையும் பார்த்துக்கொள்வான். அவன் கையில் இருந்த பையில் திருட்டுச் சங்கிலிகள் கிடைத்தன.

"யாரோ பாத்துக்கோன்னு குடுத்துட்டுப் போனாங்கம்மா. நான் தொறந்துகூடப் பாக்கல" என்று அழுதான். நான் நம்பினேன். இவனை வெளியே கொண்டுவராமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அவனுக்கு எதிரான முக்கிய சாட்சி, கும்பலோடு கும்பலாக மாறுவேடத்தில் இருந்த போலீஸ்காரர். வெளியே திரியும் கூட்டாளிகளுக்கு ஆள் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், திரைக்குப் பின்னால் உட்காரவைத்திருந்தார்கள். பெயர் கிடையாது, வெறும் 'சாட்சி அ'. அன்றைக்குப் பார்த்து என் சீனியருக்குக் காய்ச்சல். குறுக்கு விசாரணை என் தலையில் விழுந்தது. (விழுந்ததாவது! நான்தான் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.)

"முகம் தெரியாத ஆளை எப்படிங்கய்யா விசாரிக்கிறது? பொய் சொன்னா மூஞ்சியிலதானே தெரியும்?" என்று ஜட்ஜிடம் முழங்கினேன்.

"காது இருக்கில்லம்மா? கேளுங்க" என்றார்.

கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து கோயம்புத்தூர்த் தமிழ் வந்தது.

"அவன் கையில பை இருந்துச்சுங்க."

"அதைத் திறந்தானா?"

"கூட்டமா இருந்துச்சுங்க."

"கூட்டத்தைக் கேட்கலை. உள்ளே என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

"சாரல் வேறங்க..."

அப்போது திரைக்குப் பின்னால் சொடக்கு எடுக்கும் சத்தம். ஒவ்வொரு விரலாக, சுண்டுவிரலில் தொடங்கி. மாட்டிக்கொண்டால் அப்படிச் சொடக்கு எடுப்பவன் என் தம்பி. (கோயம்புத்தூர்த் தமிழும் வேஷம்தான். அவன் சென்னையில் போலீஸ் ஆபீஸில் எழுத்து வேலையில் இருப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்!) விஷயம் மூளைக்கு எட்டுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஏலே ———" (பெயரை இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை பட்டது போதும்) "மழுப்பாம சொல்லுலே! தொறந்தானா, இல்லையா?"

"தொறக்கலக்கா" என்றது திரை.

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். சாட்சியின் அக்கா இந்த வழக்கில் ஆஜராகக் கூடாது என்று என்னை விலக்கி, வாங்கு வாங்கென்று வாங்கினார். வெளியே போனவர்களில் கும்பலின் ஆள் யாராவது இருந்தால்? சுடலையைக் காப்பாற்றப் போய்த் தம்பியைக் காவு கொடுத்துவிட்டேனே என்று பயந்து செத்தேன். ஆனாலும் வாசல் வரை போனவள் திரும்பி, "அந்தக் கேள்வி மட்டும் நிக்கணும்யா. யார் கேட்டாலும் சரி" என்றேன். முறைத்தார்.

அடுத்த வாய்தாவில், மூடிய கோர்ட்டில் சீனியர் அதே கேள்வியைக் கேட்டார். தம்பியும் அதே பதிலைச் சொன்னான், இந்தத் தடவை 'அக்கா' இல்லாமல். சுடலை விடுதலையானான். தம்பியை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்; மாறுவேட வேலை அதோடு சரி. நல்லவேளை, யாரும் அவனைத் தேடி வருவதற்குள் மிச்சக் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். அம்மாதான் சமாதானமாகவில்லை. "கூடப்பொறந்தவனைக் காட்டிக்குடுத்த வாய்க்குச் சோறு ஒரு கேடா" என்று சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

போன ஆவணியில் பண்பொழி கோயிலில் தம்பிக்குக் கல்யாணம். ஐயர் மந்திரத்துக்காக மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டார். அவன் என்னைக் கை காட்டினான்.

"அதுக்குன்னே எங்கக்கா இருக்கா சாமி. ஜட்ஜ் தடுத்தாலும் சொல்லுவா."

கூட்டம் சிரித்து உருண்டது. (ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கை காட்டுகிறார்கள்.) அம்மாவும் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"சொல்லேட்டி. இங்கன சொல்லலாம்."