சுத்துறதைக் கேட்கலை

ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் கையில் யாரும் போனைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

உளவியல் படித்துவிட்டு தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிது. வயிற்றில் பிள்ளை வந்ததும் பீடியை நிறுத்திய பெண்கள், பெற்ற பிறகு மறுபடி தொட்டுவிடாமல் இருக்கப் போனில் பேசித் துணை நிற்பது என் வேலை. (பொம்பளைங்களா, பீடியா என்று இலஞ்சி வீட்டில் அப்பா கேட்டார். இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.)

எனக்குக் கிடைத்த முதல் தாய் வடகரை பேச்சியம்மாள். சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறவள். பல்வலிக்கென்று ஒன்றைப் பற்றவைக்கப்போய் அது பழக்கமாகிவிட்டது. மாசமானதும் நிறுத்திவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு ஆசை திரும்பி வர, பயந்துபோய் ஆஸ்பத்திரி நர்ஸிடம் மெதுவாகச் சொல்லியிருந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தைக்குத் தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சா பிள்ளைய வச்சுக்கிட்டு என்னைய அம்மை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மத்தியானம் அவங்க உறங்குவாங்க, அப்பப் பேசுங்க."

நான் காலையிலேயே போன் அடித்தேன். பேச வேண்டியதெல்லாம் மனப்பாடமாக இருந்தது, மத்தியானத்துக்குள் மறந்துவிட்டால்? இப்போது பேசலாமா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது மட்டும் அப்போதே மறந்துவிட்டது.

"பேச்சி, பீடி மறுபடி ஆரம்பிச்சிரலையே?"

அந்தப் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரக்கை என்பதால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"யாருட்டி அது, பீடியக் கேக்கா?" மாமியார் குரல்.

பேச்சி கெட்டிக்காரி. "பீடிக்கடையில இருந்து, அத்தை. மறுபடி எப்பச் சுத்துவன்னு கேக்காங்க." பிறகு என்னிடம், "பீடி சுத்துற தட்டை எடுத்து மேல வச்சாச்சுக்கா. பிள்ளைக்குக் கழுத்து நிக்கட்டும், பாப்போம்."

எவ்வளவு அழகாக வழி விட்டாள். நான் பேசாமல் போனை வைத்திருக்கலாம். படித்தவளாயிற்றே, திருத்தாமல் விட முடியுமா?

"இல்ல பேச்சி, சுத்துறதைக் கேட்கலை. குடிக்கிறதைக் கேட்டேன்."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிள்ளை மட்டும் அழுதது.

"யாரு குடிக்கா?"

நல்லவேளை, தமிழில் 'நீ' போடாமலே ஒரு கேள்வியை முடித்துவிடலாம். அந்தச் சின்ன இடைவெளியில் ஓர் ஆண்குரல் வந்து உட்கார்ந்தது.

"என்னையத்தான் கேக்காங்கம்மா."

பேச்சியின் புருஷன் சுடலை. குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். (பீடி வாடை பட்டாலே தும்முவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

"ஏலே, நீயா? பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு?"

"விட்டுட்டேம்மா. அதுக்குத்தான் மேடம் பேசுதாங்க."

செம்பு எதன் மேலோ விழுந்தது. போன் கட்டானது.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து அவரே கூப்பிட்டார். "மேடம், இனிமே எனக்குப் பேசுங்க. அவ போனை அம்மா வாங்கிக்கிடுதா."

அப்படித்தான் நடந்தது. பீடியே தொடாத மனுசருக்கு நான் ஆலோசனை சொன்னேன். மனைவி சொன்னதை அப்படியே ஒப்பிப்பார்.

"நேத்து எனக்கு ரொம்ப ஆசை வந்துட்டு மேடம்."

"எப்ப, அண்ணாச்சி?"

"பால் குடுத்து முடிச்சதும்."

பக்கத்து ஆட்டோக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. நான் சிரிக்கவில்லை. "தண்ணி குடிச்சிட்டு, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுக் கொஞ்சம் நடக்கணும், அண்ணாச்சி." "சரி, நடக்கேன்" என்பார், சிரத்தையாக.

பிள்ளை இப்போது ஓடித் திரிகிறான். பேச்சி பீடியைத் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் நான் போனை எடுத்தாலே அப்பா, "சுத்துறதையா, குடிக்கிறதையா, கேட்டுட்டுப் பேசு" என்கிறார்.

போன வாரம் பேச்சியே கூப்பிட்டாள்.

"அத்தை இவரை இன்னும் நம்பலக்கா. சாயங்காலம் வந்ததும் சட்டைய மோந்து பாத்துட்டுத்தான் பிள்ளையக் கையில குடுக்காங்க. இவரும் தினம் குனிஞ்சு நிக்காரு."

சிரிக்கத்தான் சொன்னாள். நான் சிரிப்பதற்குள், "எனக்காகத்தானக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.