தூக்கிக் குடித்த ஒயின்

கெட்ட பழக்கத்தையாவது நாலு பேர் முன்னால் அடக்கிக்கொள்ளலாம். நல்ல பழக்கம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? மானத்தை வாங்குவதில் அதற்கு ஈடு கிடையாது.

என் நல்ல பழக்கம், எதையும் தூக்கிக் குடிப்பது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு பட்டால் எச்சில். காபியோ தண்ணீரோ, அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம்.

என் மகள் நித்யாவுக்கும் சாந்தோம் பையன் ஒருவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பையனின் அப்பா சவரிமுத்து, ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் கறுப்பு திராட்சையும் சர்க்கரையும் ஊறப்போட்டு, பட்டை கிராம்பு சேர்த்து, வீட்டிலேயே ஒயின் போடுவார். குடும்பமே பிரமாதம் என்று புகழும். அவருக்கு அது போதவில்லை.

“வீட்டாளுங்க போடுற மார்க்கெல்லாம் மார்க்கே இல்ல சார். வெளி எக்ஸாமினர் வேணும்,” என்றார்.

எக்ஸாமினர்கள் அபிராமபுரத்தில் கிடைத்தார்கள். அங்கே ஒரு வீட்டு ஹாலில் ஒயின் கிளப் ஒன்று மாதாமாதம் கூடி ருசி பார்க்கும். அவருடைய ஒயினையும் ஒரு மாலை வைக்கச் சம்மதித்தார்கள். துணைக்கு என்னைக் கூப்பிட்டார்.

“நீ குடிக்கவே வேண்டாம்ப்பா. மோந்து பாத்துட்டுத் தலைய ஆட்டு, போறும். மானத்த வாங்கிடாதே,” என்றாள் நித்யா.

மோந்தேன். ஆட்டினேன். கடையில் வாங்கிய ஒயின்கள் ஒவ்வொன்றாக வந்தன. மற்றவர்கள் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்து ஒரு வாளியில் துப்பினார்கள். (நடு ஹாலில், எல்லோரும் ஒரே வாளியில்! எங்காத்தில் என்றால் வீட்டையே அலம்பி விட்டிருப்பார்கள்.) நான் மூக்கை உள்ளே விட்டு “பேஷ், பேஷ்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒயினில் பழம் தின்று கொட்டை போட்டவன் என்றே பக்கத்து நாற்காலிக்காரர் நம்பிவிட்டார்.

கடைசியில் சவரிமுத்துவின் முறை. கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு பாட்டில். முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். “சார்தான் மொதல்ல.” ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பரீட்சை எழுத வைத்த மனிதர், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்றார். மோந்துவிட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கை தானாக உயர்ந்தது. தலை தானாக அண்ணாந்தது.

“என்னங்க, நம்ம கிளாஸ்ல வாய் வைக்க மாட்டாரா?” என்றது ஒரு குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தியாகப் போகிறவர் கொடுத்த கோப்பையை, அவர் கண் முன்னாலேயே, தீட்டு மாதிரி எட்டத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்! ஐயோ, அப்படியில்லை என்று சொல்லப் போனேன். வாயில் ஒயின் விழுந்துகொண்டிருக்கும்போது பேசக்கூடாது. பாதி புரையேறி மூக்கு வழியாக வந்தது. டம்ளருக்கு இருப்பதுபோல் கோப்பைக்கு வெளியே மடிந்த விளிம்பு இல்லாததால் மீதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிற்று. இருமிய இருமலில் என் முழங்கை பாட்டிலை இடித்தது. அது மேஜையில் உருண்டு, வெள்ளை விரிப்பெல்லாம் நனைத்து, தரையில் விழுந்து உடைந்தது.

எல்லோரும் என்னையே முறைத்தார்கள். சவரிமுத்து மட்டும், “அது அவங்க வீட்டுப் பழக்கங்க, தப்பா எடுத்துக்காதீங்க,” என்று எனக்காகக் கூட்டத்திடம் கெஞ்சினார். தன் கைக்குட்டையால் என் சட்டையைத் துடைத்தும் விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

திரும்பி வரும் வழியில், ஆட்டோ லஸ் முனையைத் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார். “அத விடுங்க சார். குடிச்ச ஒரே ஆள் நீங்கதான். எத்தனை மார்க்?”

நாக்கில் பட்டதாகவே எனக்கு நினைவில்லை. “நூத்துக்கு நூறு,” என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “காப்பி அடிச்ச விடை எனக்குத் தெரியும் சார்.”

கல்யாணம் நன்றாகவே நடந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், கேக்கை நீட்டியபடி “எத்தனை மார்க், சம்பந்தி?” என்பார். நான் வாயைத் திறக்குமுன் நித்யா தொடங்கி வீடே கத்தும்: “ஆப்சென்ட்!” அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். ஆனால் அதற்கப்புறம் அவர் ஒயின் போடவில்லை. கேட்டால், திராட்சை முன்ன மாதிரி இல்லை என்பார். நான் உதட்டை வைத்துக் குடிக்கப் பழகிவிட்டேன். அந்தப் பீங்கான் ஜாடி இப்போது சாந்தோம் வீட்டு வாசலில் இருக்கிறது. அதில் குடைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.